காய்ச்சல் காரணமாக

கலியமூர்த்தி சார் எதற்குப் பயப்படுவார் என்று கேட்பதைவிட எதற்குப் பயப்பட மாட்டார் என்று கேட்பது சுலபம். ஹெச்.எம். அறையிலிருந்து ஆள் வந்தால் பயம். வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வந்தால் பயம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகும் பைக்கை யாராவது தள்ளிக்கொண்டு போயிருப்பார்களோ என்று தினமும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலே பேய்தான்.

சிதம்பரத்தில் வீடு. காலையில் கடலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து பைக்கில் நெல்லிக்குப்பம் தாண்டி எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வருவார். தமிழ் ஆசிரியர். நான் ஜான்சி, அறிவியல் டீச்சர். பதினோரு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு. அவருடைய பயத்தைக் கேலி செய்தே பாதி சர்வீஸை ஓட்டிவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மனிதருக்குப் பயமே கிடையாது. பிள்ளைகளை எழுத வைப்பதில். மற்ற பள்ளிகளில் கட்டுரை நோட்டு வைத்து எழுத்துப் பயிற்சி கொடுப்பார்கள். இவர் லீவ் லெட்டரை வைத்துக்கொண்டார்.

லீவ் லெட்டரை அப்பா அம்மா எழுதக் கூடாது, பிள்ளைதான் எழுத வேண்டும். ‘காய்ச்சல் காரணமாக’ என்று ஊரே எழுதுவதை எழுதக் கூடாது, நிஜக் காரணத்தை எழுத வேண்டும். நிஜத்தை எழுதினால் அடியும் இல்லை, திட்டும் இல்லை. இதுதான் அவர் சட்டம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்து கொடுத்தால் போதும். மூன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு வரி. ஆறுக்கு மேல் அனுப்புநர், பெறுநரோடு முழுக் கடிதம். எழுத்துப் பிழைக்குக் கோடு போட மாட்டார். சிவப்பு மையில் கீழே ‘அப்புறம்?’ என்று ஒரே வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுப்பார். பிள்ளை அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதிக்கொண்டு வரும். திரும்பவும் ‘அப்புறம்?’. மூன்று அப்புறத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். கட்டுரை என்றால் பேனாவைக் கடிக்கிற பிள்ளைகள், ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதை ஒன்றரைப் பக்கம் எழுதின.

ஒருமுறை மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘அம்மா எழுந்திருக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். ‘அப்புறம்?’ என்று கேட்டதற்கு, ‘நேற்றும் எழுந்திருக்கவில்லை. நான்தான் சோறு வடித்தேன்’ என்று எழுதினாள். சார் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி நினைவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். அதிலிருந்து சார் லீவ் லெட்டர்களைக் கோத்து வைக்கும் ஃபைலை நான் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்து கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த நேரம். நாளைக்கு ஆய்வுக்கு வருகிறார்கள், எல்லாப் பதிவேடும் மேசைக்கு வர வேண்டும் என்று மத்தியானம் செய்தி வந்தது. லீவ் லெட்டர் ஃபைலும் சேர்த்துத்தான். சார் அதைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு கடிதத்தில் நின்றுவிட்டார். ஏழாம் வகுப்பு இளமதி எழுதியது.

‘ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. அம்மாவுக்குக் கையில் அரிவாள் பட்டுத் தையல் போட்டிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை. ஆகையால் நான் இரண்டு நாள் அப்பாவோடு கரும்புக்குப் போனேன்.’ அப்புறம்? ‘கரும்புச் சோகை கழுத்தை அறுத்தது. குளித்தால் எரிகிறது. வியாழக்கிழமை நடத்திய பாடத்தை எனக்காக மறுபடி நடத்தவும்.’

சார் கடிதத்தை என் மேசையில் வைத்தார். “டீச்சர், இத படிச்சா கொழந்தத் தொழிலாளர்னு எழுதிட மாட்டாங்களா? கண்ணாயிரத்த ஸ்டேஷனுக்குக் கூப்புட்டா என்ன பண்றது? தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களான்னு என்னைக் கேப்பாங்களே.”

கண்ணாயிரம் இளமதியின் அப்பா. அரை ஏக்கர் கரும்பு, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு வார்த்தை பேசினால் ஒன்பது முறை கும்பிடுகிற ஆள். பக்கத்து ஒன்றியத்தில் யாருக்கோ இப்படித்தான் மெமோ வந்தது என்று ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயம் எனக்கும் தொற்றியிருந்தது. அதனால்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

“இதுக்குப் போயி ஏன் சார் நடுங்குறீங்க? புள்ளயக் கூப்புட்டு காய்ச்சல்னு வேற ஒண்ணு எழுதி வாங்கி வச்சிடுங்க. ஊரே அப்படித்தான எழுதுது.”

சார் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஆனாலும் எழுந்து போனார். இளமதியை வராந்தாவுக்கு அழைத்து, “காய்ச்சல்னு எழுதும்மா” என்றார்.

“எனக்குக் காய்ச்சல் இல்லயே சார்.”

“பரவால்ல, எழுது.”

அவள் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தாள். அவர் கீழே ‘அப்புறம்?’ எழுதவில்லை. பழைய கடிதத்தை நாலாக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வந்த அதிகாரி அந்த ஃபைலைத் திறந்து மூன்று தாளைத் தள்ளிவிட்டு, “நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க” என்றார். டீ குடித்தார், போய்விட்டார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் நானும் சாரும் சிரித்தோம். அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடந்தது என்று இன்றைக்கு எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த திங்கட்கிழமை இளமதி வரவில்லை. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தங்கை ரேகா கடிதம் கொண்டுவந்தாள். ‘காய்ச்சல் காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை.’ சார் அதைப் படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

“இன்னும் வெட்டு முடியல போல.”

நானும் தலையாட்டினேன். அவர் அதில் எதுவும் எழுதாமல் பஞ்ச் போட்டு ஃபைலில் கோத்தார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ரேகாவும் வரவில்லை. குட்டிப் பெண்ணையுமா வயலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கண்ணாயிரத்தை நான் மனதுக்குள் திட்டினேன்.

வியாழக்கிழமை ரேகா வந்தாள். தான் லீவு போட்டதற்கு ஒரு படம் வரைந்துகொண்டு வந்திருந்தாள். ஒரு கட்டில். கட்டிலுக்கு மேலே தலைகீழாகத் தொங்கும் பாட்டில். கட்டிலில் படுத்திருக்கும் உருவத்துக்கு இரண்டு சடை.

சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்றார்.

“அக்காவ கடலூர்ல வச்சிக்கல சார். சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. நான் சித்தி வூட்ல இருந்தேன். அக்கா மூக்குல ரத்தம் வந்திச்சி.”

அறிவியல் டீச்சருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையில்லை. டெங்கு என்றால் என்ன, எத்தனையாவது நாளில் என்ன ஆகும் என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். ஹெச்.எம். லோகநாயகி அம்மாவிடம் சொல்லிக்கொண்டோமா இல்லையா என்றுகூட நினைவில்லை. பைக்கைக் கடலூரில் போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். சார் ரேகாவின் படத்தை மடிக்காமல் மடியில் வைத்திருந்தார். பஸ் நின்று ஆள் ஏற்றிய ஒவ்வொரு தடவையும் எனக்கு டிரைவரை அடிக்கலாம் போல் இருந்தது. மாதாவே, அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

புவனகிரி தாண்டியதும் சார் வாயைத் திறந்தார். “ஆஸ்பத்திரி எங்க வூட்லேர்ந்து பத்து நிமிஷம் டீச்சர். ரெண்டு நாளா அந்தப் புள்ள அங்க கெடக்குது. நான் காலைல அத வுட்டுட்டு இவ்ளோ தூரம் பஸ்ல போயி அவளுக்கு ஆப்சென்ட் போடறேன்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வார்டு வாசலில் கண்ணாயிரம் எங்களைக் கண்டதும் கும்பிட்டார். பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது, ரத்தம் ஏற்றுகிறார்கள், இன்றைய ராத்திரி தாண்ட வேண்டும் என்றார். “லெட்டர் குடுத்தனுப்பிச்சமே சார்” என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் அவர்தான் சொன்னார்.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. தாண்டினாள். மூன்றாம் நாள் உட்கார வைத்திருந்தார்கள். முகம் சுண்டி, உதடு வெடித்து, ஆனால் அதே இரண்டு சடை. சாரைப் பார்த்ததும் அவள் கேட்டது இதைத்தான்.

“ரேகாகிட்ட என் லெட்டரத் திருப்பிக் குடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார். கீழ அப்புறம்னு போட்டிருந்தா மிச்சத்த எழுதிருப்பேன். மூட்டெல்லாம் வலிக்குது, பயமா இருக்குதுன்னு.”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். சார் ஊசி குத்தாத அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திங்கட்கிழமை சார் தன் விடுப்புக் கடிதத்தை ஹெச்.எம். மேசையில் வைத்தார். பதினோரு வருடமாகச் ‘சொந்த வேலை காரணமாக’ என்று மட்டும் எழுதிய மனிதர், இந்த முறை எழுதியிருந்தது இது: ‘மாணவி இளமதி உண்மையாக எழுதிய கடிதத்தை எடுத்துவிட்டு, பொய்யாக ஒன்றை அவளிடம் எழுதி வாங்கினேன். பிறகு அவள் உண்மையாகவே காய்ச்சல் என்று எழுதியபோது நான் நம்பவில்லை. அவளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனதால் வர இயலவில்லை.’ கண்ணாடிக் கூட்டில் இருந்த பழைய கடிதத்தையும் அதோடு பின் குத்தி வைத்திருந்தார்.

லோகநாயகி அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “சார், ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இத எப்புடி ஃபைல்ல வைக்கிறது? நாளைக்கு யாராவது பாத்தா ஒங்க வேலயே போயிடும்.”

“தெரியும் மேடம்.” கடிதத்தை அம்மா பக்கமாகத் தள்ளினார். “வைங்க.”

அந்தக் கடிதத்தை வாங்கி நானும் ஒரு தடவை படித்தேன். எல்லாம் இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று நான் பதினோரு வருடம் கேலி செய்த மனிதர் முழுப் பழியையும் தானே சுமந்துகொண்டு நிற்கிறார். எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், இன்னும் பதினான்கு வருட சர்வீஸ். அத்தனையும் ஒரு நிமிடம் கண் முன்னால் வந்து போயின.

அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். கடிதத்தின் கீழே ‘அப்புறம்?’ என்று எழுதினேன். அதற்கும் கீழே, ‘அந்தப் பொய்யை எழுதி வாங்கச் சொன்னது நான். ஜான்சி, பட்டதாரி ஆசிரியர், அறிவியல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.