எடுத்துக்கோ மாமா

நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கிறார். மூன்றாவது கால் லேசாக முனகுகிறது. "பாவம், வலிக்குதாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுகிறார். கொஞ்சம் பசை, ஒரு மரத்துண்டு, இறுக்க ஒரு கயிறு. நாளைக்கு அது எவர் வீட்டிலோ ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் அவர் லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும், தான் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்கு ராஜா. முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் தங்களுக்கு வேண்டாத சாமான்களை அந்த அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கூப்பிடவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். வாசலில் வைத்தால் கொடுத்ததாக அர்த்தம். எந்த வீட்டில் எது இல்லை என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். துடைத்து, முடுக்கி, ஒட்டி, தேவைப்படுகிறவர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போவார். அவர்கள் கூச்சப்பட்டால், "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ! கீழ கெடந்து அது என்ன பண்ணப் போகுது?" ஐம்பத்தாறு வயது மனிதருக்கு 'எடுத்துக்கோ மாமா' என்றே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஒரு சாமான் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. இத்தனைக்கும் அவர் வீட்டுக்குள் அந்த அறைச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. தையல் வேலை செய்யும் அவர் மனைவி ஒன்பது வருடத்துக்கு முன்பே எல்லைக்கோடு போட்டுவிட்டார். "உங்க குப்பை ராஜ்ஜியம் படிக்கட்டோட நிக்கணும். ஒரு குண்டூசி உள்ள வந்துச்சு, நான் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்." மாமா அந்தக் கோட்டைத் தாண்டியதே இல்லை.

அந்த அறைக்கும் ஓர் எதிரி உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி. சைக்கிள் நிறுத்த அந்த இடம் வேண்டுமாம். "ஒரே ஒரு புகார் எழுத்துல வரட்டும். அன்னைக்கே பூட்டு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மாமா சிரித்துக்கொள்வார். ஆனால் அன்று மாலை தேநீர் அவருக்குக் கசக்கும். அந்த அறை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புகார் தன் இரண்டு காலால் நடந்தே வந்தது.

மூன்றாம் மாடிக்கு ஒரு நர்ஸ் குடிவந்தார். லிப்ட் சின்னது. பாதிச் சாமானோடு மேலே போனவர், மீதியைப் படிக்கட்டு ஓரமாக, சரியாக அந்த அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மேலே குழாயைத் திறந்தார், ஒழுகியது. அதை அடைத்துவிட்டு இறங்கி வர ஒரு மணி நேரம். கீழே தரை துடைத்துவிட்டது போல இருந்தது.

"சார், இங்க சாமான் இருந்துச்சே?"

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "எல்லாம் நல்ல நல்ல இடத்துக்குப் போயாச்சும்மா! அத்தனையும் தங்கம். எந்த மகராசி வச்சாளோ தெரியல."

"நான்தான் வச்சேன்."

"நீதானா? நல்லா இரும்மா! இந்தக் காலத்துல இப்படியொரு மனசு..."

"சார், நான் குடிவந்திருக்கேன்!"

இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்ட் மாதிரி மாமா நின்றார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

செகரட்டரிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, வெள்ளைத்தாளும் பேனாவுமாக வந்துவிட்டார். "எழுதிக் குடும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நர்ஸ் தாளை வாங்கிக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். மத்தது போனாலும் பரவால்ல, என் கண்ணாடி வரணும். நீள்வட்டமா, மரச் சட்டம் போட்டது. அது வரலேன்னா எழுதிடுவேன்."

மாமா வீடு வீடாகக் கதவைத் தட்டினார். நர்ஸும் கூடவே போனார். கொடுத்துப் பழகிய வாய்க்குத் திருப்பிக் கேட்க வார்த்தை வரவில்லை. "அது வந்து... தப்பா..." என்று இழுத்தார். மீதியை நர்ஸ் சொல்லி முடித்தார். வாளி திரும்பி வந்தது, உள்ளே ஒரு புதுத் துடைப்பத்தோடு. குக்கரைத் திருப்பிக் கொடுத்த பெண்மணி, "இன்னைக்கு அடுப்பு பத்த வைக்காத, எங்க வீட்ல சாப்பிடு" என்றார். துணி உலர்த்தும் ஸ்டாண்டு செகரட்டரி வீட்டிலேயே இருந்தது. அதில் அவருடைய ஏழு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. செகரட்டரியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. நான்காம் மாடி ஏறுவதற்குள் நர்ஸ் இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, ஒருவரைத் திட்டியும் விட்டார்.

கண்ணாடி மட்டும் வரவில்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டார் நர்ஸ். "முதல் சம்பளத்துல வாங்கினது மாமா. ஹாஸ்டல் சுவத்துல எதையும் மாட்டக் கூடாதும்பாங்க. பதினோரு வருஷமா துணியில சுத்தி கட்டிலுக்கு அடியிலயே வச்சிருந்தேன். இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு சுவர் கிடைச்சுது."

தான் சாரிலிருந்து மாமாவானதைக்கூட மாமா கவனிக்கவில்லை. "அதை நான் யாருக்கும் குடுக்கலம்மா. நாற்காலியை மேல குடுத்துட்டு வர்றதுக்குள்ள காணோம். வேணுங்கறவங்க யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனைச்சேன்... நான்தான் கண்ணு வைக்காம விட்டுட்டேன்."

"இன்னும் எத்தனை வீடு இருக்கு?"

"ஒண்ணுதான். கீழ இருக்கற என் வீடு. அங்க ஒரு குண்டூசி போகாது."

போகாது என்று சொன்னாலும், தண்ணீராவது கொடுப்போம் என்று அழைத்துப் போனார். கதவைத் திறந்தார்.

தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் அந்தக் கண்ணாடி. அதன் முன்னால் அவர் மனைவி, தான் தைத்த புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்த அம்மாள் தன்னை இப்படிப் பார்த்து அவர் பார்த்ததில்லை.

"உங்களுக்கு டீ கொண்டுவந்தேன், ஆளைக் காணோம்" என்றார் மனைவி, மாட்டிக்கொண்ட சிறுமி போல. "அறை வாசல்ல இருந்துச்சு. பாத்ததும் பிடிச்சுப்போச்சு. கேட்டா கேலி பண்ணுவீங்களேன்னு... நானே ஆணி அடிச்சு மாட்டினேன்."

மாமா மனைவியின் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். அறை, பூட்டு, செகரட்டரி எல்லாம் மறந்துபோயிற்று. "இந்தப் பொண்ணோடது" என்றார் கடைசியில். "மாட்ட ஒரு சுவர் இல்லாம பதினோரு வருஷம் காத்திருந்துச்சாம்."

அந்த அம்மாள் ஒரு நொடிதான் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கியே! கண்ணு உயரத்துக்கு மாட்டும்மா. அப்பதான் முழு முகமும் தெரியும்."

நர்ஸ் கையிலிருந்த வெள்ளைத்தாளை நான்காக மடித்து, கண்ணாடிச் சட்டத்தின் மூலை இடிபடாமலிருக்க அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ரவிக்கை உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

மாமா பையிலிருந்து குறடை எடுத்துக்கொண்டு, சுவரில் தனியாக நின்ற ஆணியைப் பிடுங்கப் போனார்.

"அதைத் தொடாதீங்க" என்றார் அதற்குள் மெஷினில் உட்கார்ந்துவிட்ட மனைவி, தலை நிமிராமலே.

குறடு பைக்குள் திரும்பிப் போயிற்று. அவர் ஆணியைச் சுற்றி உதிர்ந்திருந்த சுண்ணாம்புத் தூளைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்துவிட்டார்.