சிஞ்ஞோரா மோசம் போன நாள்

இது 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இத்தாலியில் பலேர்மோ நகரத்தில் நடந்தது. நான் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் பூர்வீகம் மதுரை. கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது, ஒரு பருவம் வெளிநாட்டில் போய்ப் படிக்கலாம் என்றார்கள். தோழிகள் எல்லாம் லண்டன், பாரிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டுமே என்று பலேர்மோ என்று எழுதினேன். அந்த வித்தியாசத்தை ஐந்து மாதம் நன்றாகவே அனுபவித்தேன்.

கால்சா என்கிற பழைய பகுதியில், துறைமுகத்துக்குக் கிட்டத்தில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் எனக்கு அறை கிடைத்தது. கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. நான் வந்த அன்று பார்த்த அதே அட்டையை, கிளம்பிய அன்றும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். திங்கட்கிழமை வகுப்பு என்பார்கள். போனால் பேராசிரியர் வரமாட்டார். அலுவலகத்தில் ஒரு தாள் கேட்டால், இன்னொரு தாளைக் கொண்டு வரச் சொல்வார்கள். அதைக் கொண்டு போனால் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். தினமும் அம்மாவுக்குப் போன் செய்து புலம்புவேன். "நீதானே ஆசைப்பட்டுப் போனே" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவார்.

வீட்டுக்காரர் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய இத்தாலியப் பெண்மணி. எல்லோரும் அவரை 'சிஞ்ஞோரா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மூச்சிரைப்பு உண்டு, படி இறங்க முடியாது. அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தொலைபேசி. யார் கூப்பிட்டு எதை விற்றாலும் வாங்கிவிடுவார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கினார். அது ஒரு நாள்கூட ஓடவில்லை. மூட்டு வலியைப் போக்கும் காந்த மெத்தை வாங்கினார். அதில் படுத்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா கூடவே தங்கியிருந்தார். இலங்கையில் மன்னார் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். ஏழு வருடமாக அதே வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருந்தார். முதல் நாள் என் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழோ?" என்று அவர் கேட்டபோது எனக்கு வாயெல்லாம் பல். அப்பாடா, இனிக் கவலையில்லை, வாய்விட்டுத் தமிழ் பேசலாம் என்று நினைத்தேன்.

எங்கே பேசுவது! ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போய், மேடையேறிப் பேசிப் பரிசெல்லாம் வாங்கியவள் நான். அந்த அக்காவிடம் என் தமிழ் படாத பாடு பட்டது. "வடிவாக் கழுவுங்கோ" என்பார். பாத்திரத்தை அழகாகக் கழுவுவது எப்படி என்று நான் விழிப்பேன். நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார் என்று புரிய ஒரு வாரம் ஆனது. சாப்பிட உட்கார்ந்தால், "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்பார். எனக்கு என்ன துக்கம், எதற்கு ஆறுதல் என்று குழம்புவேன். மெதுவாக, அவசரப்படாமல் சாப்பிடு என்று அர்த்தமாம். நான் பேசினால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "நீங்கள் படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள், தங்கச்சி." எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு மாதம் கழித்து, அர்த்தம் கேட்பதையே விட்டுவிட்டேன். எல்லாம் தமிழ்தானே, எனக்குத் தெரியாத தமிழா என்கிற திமிர்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தி எடுத்தது 'பேந்து' என்கிற சொல். 'பிறகு' என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்வார். என் கல்லூரியிலிருந்து ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்தப் பருவத்துப் படிப்பையே கணக்கில் எடுக்கமாட்டார்களாம். சிஞ்ஞோராவோ, ஆங்கிலத்தில் இருக்கும் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். போனில் யாரோ ஒருவன் விற்கும் மெத்தையை நம்புவார், கண்ணெதிரே நிற்கும் என்னை நம்பமாட்டார். அக்காவிடம், நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "பேந்து கேப்பம், சிஞ்ஞோரா இப்ப நித்திரை." அடுத்த நாளும் பேந்து. அதற்கடுத்த நாளும் பேந்து. மூன்று வாரம் இப்படியே ஓடியது.

ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, வெறுத்துப்போய்ப் படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, வகுப்புத் தோழிகள் இருவரோடு நேப்பிள்ஸ் பார்க்கக் கப்பல் ஏறிவிட்டேன். திரும்பி வந்து பலேர்மோ துறைமுகத்தில் இறங்கியபோது காலை ஏழு மணி. மறுநாள் விடியற்காலையில் எனக்கு விமானம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போது போன் அடித்தது. அக்காதான்.

"தங்கச்சி, சிஞ்ஞோரா மோசம் போயிட்டா."

எங்கள் வீட்டில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. கடைக்காரன் சொத்தைக் கத்தரிக்காயைத் தலையில் கட்டிவிட்டால், "மோசம் போயிட்டேன்டி" என்பார் அம்மா. எனக்கு உடனே அந்தக் காந்த மெத்தை ஞாபகத்துக்கு வந்தது.

"மறுபடியுமா?" என்றேன்.

எனக்கோ இரண்டு நாள் அலைச்சல், தூக்கமில்லை. பொரிந்து தள்ளிவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்ல? யார் பேச்சையும் கேக்க மாட்டாங்க. நல்லா வேணும் அவங்களுக்கு! சரி, என் பேப்பர்ல கையெழுத்து மட்டும் எப்படியாவது வாங்கி வச்சிருங்கக்கா. நாளைக்கு எனக்கு ஃபிளைட்."

அதற்கு அக்கா, "சரி. நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்றார். போன் கட்டானது.

ஆறுதலாகத்தானே வரச் சொன்னார், எதற்கு ஓட வேண்டும்? தோழிகளோடு பஸ் பிடித்து ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனேன். கடலோரத்தில் மீன் சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர், கடைசி நாள் வேறு. இறாலை உரித்துக்கொண்டே, எங்கள் வீட்டுக்காரப் பாட்டி மறுபடியும் ஏமாந்த கதையைச் சொன்னேன். இந்த முறை எதை வாங்கியிருப்பார் என்று மூன்று பேரும் பந்தயம் கட்டினோம். வெக்கைக் காலத்தில் கம்பளிப் போர்வை என்று நான் சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தோம். இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. தெருக்கதவு பாதி சாத்தியிருந்தது. அதில் கறுப்புக் கரை போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் யாராவது இறந்தால் அப்படி ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் இருந்த பெயர் எனக்குத் தெரியவில்லை. யாரோ பாவம் என்று தாண்டிப் போனவள், முதல் மாடியில் கறுப்பு உடை போட்ட நான்கைந்து பேர் மேலே ஏறுவதைப் பார்த்தேன். அவர்கள் இரண்டாம் மாடியில் நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்குள்தான் போனார்கள். ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்தும், சிஞ்ஞோராவின் முழுப்பெயரை அந்தத் தாளில்தான் முதல் தடவையாகப் படித்திருக்கிறேன்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கருநீல உடை, வாரி முடித்த வெள்ளைத் தலைமுடி. தினமும் காலையில் அக்கா வாரிவிடும் அதே மாதிரி, வலது பக்கம் வகிடு. அவருடைய மகனும் மருமகளும் நாற்காலியில் இருந்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் கட்டிப் பிடித்து முத்தமிட்டு ஆறுதல் சொன்னார்கள். சாவு வீட்டில் சமைக்கக்கூடாது என்று யார் யாரோ சாப்பாடு கொண்டு வந்து மகன் கையில் கொடுத்தார்கள்.

அக்கா சமையலறையில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் சிஞ்ஞோராவின் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவர் அவர். உடம்பைத் துடைத்து, உடுத்தி, தலை வாரிவிட்டவர் அவர். அவருக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. மகனுக்கு அடுத்ததாக அவர் போன் செய்தது எனக்குத்தான். தன் பாஷை பேசுகிறவள் ஒருத்தி இருக்கிறாளே என்று நம்பிக் கூப்பிட்டவரிடம்தான், 'நல்லா வேணும்' என்று சொல்லியிருக்கிறேன்.

என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்கட கடுதாசி மேசையில இருக்கு. எடுங்கோ."

எடுத்துப் பார்த்தேன். சிஞ்ஞோராவின் கையெழுத்து, கோடு தாண்டிக் கோணலாக ஓடியிருந்தது.

"எப்ப வாங்கினீங்க?"

"நீங்கள் கப்பல் ஏறின அண்டு. பேந்து வாங்கித் தாறன் எண்டு சொன்னனான்தானே."

அழுதுகொண்டே உளறினேன். "அக்கா, எங்க வீட்டுல மோசம் போறதுன்னா ஏமாந்து போறதுக்கா. மறுபடியும் யாரோ எதையோ வித்து ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சுட்டேன். செத்துப் போனதைச் சொல்றீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் கையிலிருந்த காப்பிக் குடுவையை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏமாந்து போறதோ?" என்றார். பிறகு மெதுவாக, "மெத்தையோ?" என்றார்.

நான் தலையாட்டினேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் தமிழைக் கேட்டு எப்போதும் சிரிக்கும் அதே சிரிப்பு. தோள் குலுங்கியது. கூடத்தில் கேட்டுவிடப் போகிறதே என்று நான் பதறினேன். அதற்குள் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்ப உங்கட தமிழில நான்தான் மோசம் போயிட்டன், தங்கச்சி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிஞ்ஞோரா போனதோடு அவருக்கு வேலை போனது, படுக்க இருந்த அறையும் போனது. அடுத்த மாதம் அவருடைய 'பெர்மெஸ்ஸோ'வை, அந்த நாட்டில் தங்கும் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். வேலை இருக்கிறது என்று காட்டாமல் அது கிடைக்காது. என் ஒரு பருவத்துப் படிப்புக்காக நான் மூன்று வாரம் குதித்தேனே, அந்தத் தாளோடு ஒப்பிட்டால் என்னுடையது என்ன தாள்!

எனக்கு வீராவேசம் வந்துவிட்டது. மகனிடம் நானே பேசுகிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இருங்கோ. நான் கதைச்சிட்டன். மாசக் கடைசி மட்டும் இஞ்சை நிக்கலாம் எண்டவர். உங்கட இத்தாலியன் அவருக்கு விளங்காது." அதோடு என் கையில் ஒரு துணியைத் திணித்தார். "கோப்பையளை வடிவாக் கழுவுங்கோ."

கழுவினேன். பொழுது சாயும் வரை, வந்தவர்கள் குடித்துவைத்த கோப்பைகளை எல்லாம் நான் கழுவக் கழுவ அக்கா துடைத்து வைத்தார். மகன் வீட்டார் சாப்பிட்டது போக மீந்திருந்த உணவைச் சமையலறையிலேயே நின்றபடி இருவரும் சாப்பிட்டோம். மறுநாள் நான் கிளம்பும்போது, உப்பில் ஊறிய மீன் டப்பா நான்கைப் பெட்டிக்குள் திணித்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அமெரிக்க விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் என்னைக் குடைந்தார்கள். அங்கேயும் அவரைத் திட்டினேன்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இத்தாலி எப்படி, பீட்சா எப்படி? பதில் சொல்ல ஆரம்பித்தால் வேறு பக்கம் பார்ப்பார்கள். கல்லூரியில் ஒரு தாளைக் கொடுத்து, 'வெளிநாட்டுப் படிப்பில் நீங்கள் கற்றது என்ன?' என்று எழுதச் சொன்னார்கள். அதற்கு நான்கு வரி இடம்! இத்தாலிய மொழி நன்றாக வந்தது என்று எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் போட்டார்கள். என் தாய்மொழியில் சொன்ன இரண்டே சொல் எனக்குப் புரியவில்லை, அதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை என்பதை அந்த நான்கு வரிக்குள் எப்படி எழுதுவது?

அக்காவுக்கு அந்த மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்கவில்லை. ஆறு வாரம் தெரிந்தவர்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்துவிட்டு, அவர் போகிற தேவாலயத்தின் மூலமாக இன்னொரு வீட்டில் சேர்ந்தார். பெர்மெஸ்ஸோவும் இழுபறிக்குப் பிறகு கிடைத்தது. இன்றைக்கும் மாதம் ஒரு முறை பேசுகிறோம். இப்போதெல்லாம் ஒரு சொல் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். அவரும் வெட்கப்படாமல் சிரிக்கிறார். வேலை இருந்தால், "பேந்து ஆறுதலாக் கதைப்பம், தங்கச்சி" என்று சொல்லித்தான் போனை வைப்பார். பிறகு நிதானமாகப் பேசலாம் என்றுதான் அவர் சொல்கிறார். அது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஆறுதலை அந்தச் சொல்லில் ஒவ்வொரு முறையும் அவர் எனக்குச் சொல்வது போலத்தான் என் காதில் விழுகிறது.