தாழ்ப்பாள் அக்காவின் விடுப்பு

அந்தக் கால்நடை மருத்துவமனையில் எல்லோரும் அவரைத் தாழ்ப்பாள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராக. அவரும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பார்.

வரவேற்பு மேசையோடு சர்வரும் அவர் பொறுப்பு. தன்னிடம் வருபவர்களின் விவரம் யாரோ ஒரு கம்பெனியின் கணினியில் கிடக்கக் கூடாது என்பது டாக்டரின் பிடிவாதம். அதனால் பூனைத் தீவன மூட்டைகளுக்கு மேலே, அலமாரியில், ஒரு பழைய கணினி முனகிக்கொண்டே இருக்கும். எந்த நாய் எப்போது வர வேண்டும் என்று சொல்லும் பொதுக் காலண்டர் அதில்தான் இருந்தது. எல்லோரும் பார்க்கலாம், திருத்தும் உரிமை அக்காவுக்கு மட்டும்.

"ஆளாளுக்குக் கை வெச்சா அது காலண்டரா? சந்தைக்கடை!" என்பார். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வாராவாரம் என் கிழட்டு நாயை அங்கே கூட்டிப்போன நான், இது வெறும் அதிகார ஆசை என்று முடிவு கட்டியிருந்தேன்.

அதற்கு விலையும் இருந்தது. அக்காவால் விடுப்பு எடுக்க முடியவில்லை. கடல் பார்க்கப் போகலாம் என்று அவருடைய தங்கை வருடக்கணக்காகக் கூப்பிட்டு, இந்த முறை டிக்கெட்டையே வாங்கிவிட்டாள். "வரலைன்னா இனி உன்னைக் கூப்பிடவே மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, ஒத்திகைக்காக டாக்டருக்குத் திருத்தும் உரிமை கொடுத்தார் அக்கா. அன்றே என் நாய்க்குக் கட்டுப் போட்டு முடித்த டாக்டர், காலண்டரில் அதற்கான குறிப்பை அழித்தார். 'இது மட்டுமா, எல்லா வாரமுமா?' என்று திரை கேட்டது. அவசரத்தில் 'எல்லாம்' என்று தட்டிவிட்டார். அடுத்த வாரம் நான் போய் நின்றால், எங்கள் நேரத்தில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது.

"ஏன் டாக்டர் அழிச்சீங்க?" என்றார் அக்கா.

"முடிஞ்ச வேலைம்மா. கண்ணு முன்னாடியே நின்னா பாரமா இருக்கு."

அக்கா காப்பு நகலிலிருந்து என் நாயின் வாரங்களை மீட்டார். பிறகு தங்கைக்குப் போன் போட்டு, "நான் வரல" என்றார். போனைத் தள்ளிப் பிடித்தும் மறுமுனையின் திட்டு என் வரைக்கும் கேட்டது.

போனை வைத்தவர் திரையின் பக்கம் திரும்பினார். பிறகு டாக்டரின் உரிமையை எடுத்துவிட்டு, முடிந்த வேலைகள் அவர் திரையில் மட்டும் தெரியாதபடி மறைத்தார். டாக்டருக்கு ஏக சந்தோஷம். அவருக்கு வேண்டியிருந்தது உரிமையே இல்லை, நிம்மதி. இதைப் புரிந்துகொள்ளப் பலருக்கு ஆயுள் போதாது என்று தோன்றியது.

அடுத்து, திருத்தும் உரிமையைக் கொடுக்க, மருந்து கட்டும் பெண்ணைக் கூப்பிட்டார் அக்கா.

"ஐயோ, எனக்கு வேணாங்க்கா. தொடவே பயமா இருக்கு."

"அதனாலதான் உனக்கு."

பிறகு தங்கைக்கு மறுபடி போன் போட்டு, வருவதாகச் சொன்னார். கிளம்பும்போது தன் கணக்கையே 'பார்க்க மட்டும்' என்று மாற்றிக்கொண்டார். திரும்ப மாற்ற வேண்டுமென்றால் மருத்துவமனைக்கு வந்துதான் மாற்ற வேண்டும்.

மற்றது அவர் திரும்பி வந்து சொன்னது. கடற்கரையில் போனைத் திறந்தாராம். காலண்டரில் ஒரே நேரத்தில் இரண்டு பூனைகள்! விரல் துடித்தது, எதையும் நகர்த்த முடியவில்லை.

"கடல் இந்தப் பக்கம் இருக்குக்கா" என்றாளாம் தங்கை.

குளித்துவிட்டு வந்து, தலை துவட்டிக்கொண்டே மறுபடி பார்த்தார். ஒரு பூனை சாயங்காலத்துக்குப் போயிருந்தது. அவருடைய விடுப்பு நாட்களின் மேல் புதிதாக ஒரு குறிப்பு: 'அக்கா கடலில் இருக்கிறார். யாரும் கூப்பிடாதீர்கள்.'

"நான் இல்லாமலே நடக்குது பாருங்க, கழுதைங்க" என்று என்னிடம் புகார் சொன்னார். மூக்கு வெயிலில் கறுத்து உரிந்திருந்தது. அந்தப் பெண்ணின் உரிமையை அவர் திரும்ப எடுக்கவில்லை.