இறுக்கிய பிறகு அமுக்கிய ஜீரோ

அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயரே கறார் அக்காதான். பூங்காக்களுக்கு ஊஞ்சல் செய்யும் பட்டறை அது. ஊஞ்சலைத் தாங்கும் கொக்கியை இழுத்துச் சோதிக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. கீழே ஒரு பிடி, மேலே ஒரு பிடி. மேல்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவே லோடு செல் என்ற உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. எவ்வளவு விசை இழுக்கிறதோ, அதைத் திரையில் கிலோவாகக் காட்டிவிடும். ஐந்நூறைத் தாண்டினால்தான் கொக்கி பாஸ். நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் உடைந்தால் யார் வந்து கெஞ்சினாலும் அக்கா விடமாட்டாள். பஸ் ஓட்டும் அவள் கணவர்கூட அலுத்துக்கொள்வார்: "ஏம்மா, உன் வாயில 'சுமாரா'ன்னு ஒரு வார்த்தை வரவே வராதா?" வராது. அதில் அவளுக்குப் பெருமை வேறு, கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் திரையில் ஒரு கோடு விழும். இரண்டு பிடிகளையும் இறுக்கும்போதே அவை கொக்கியைக் கொஞ்சம் இழுத்துவிடும் என்பதால் அந்தக் கோடு எண்பதிலோ தொண்ணூறிலோ தொடங்கும். "என்னம்மா இது, அந்தரத்துல தொடங்குது? பார்க்கிறவங்க சிரிக்கப் போறாங்க" என்றார் அவர். விளக்கிச் சொல்லியிருக்கலாம். வாய் இல்லாதவளா அவள்? ஆனால் தன் வேலையைப் பார்த்து ஒருவர் சிரிப்பதா என்று சுருக்கென்றது. மறுநாளிலிருந்து வழக்கத்தை மாற்றி முதலில் இறுக்கினாள், பிறகு திரையைப் பூஜ்யமாக்கும் ஜீரோ பொத்தானை அமுக்கினாள். கோடு லட்சணமாகப் பூஜ்யத்தில் தொடங்கியது. கொக்கியின் மேல் ஏற்கெனவே ஏறிவிட்ட தொண்ணூறு கிலோ கணக்கிலேயே வராது என்பது பன்னிரண்டு வருஷ அனுபவத்துக்கு உறைக்கவில்லை. அழகு கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன!

கொக்கிகளைப் பற்றவைப்பவர் ஒரே ஒருவர், வயதான வெல்டர். அந்த வாரமே அவருடைய கொக்கி நானூற்று நாற்பதில் உடைந்தது. அடுத்தது நானூற்று முப்பது. அக்கா இம்மி பிசகாமல் எழுதிக் கொடுத்தாள். "வயசாயிடுச்சு, கண்ணு மங்கிப் போச்சு" என்று மேனேஜர் அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார். சண்டைக்கு வருவார் என்று அக்கா நினைத்தாள். அவரோ வந்து, "நல்லவேளை, நீ கண்டுபிடிச்சுட்ட தங்கச்சி. ஒரு குழந்தை விழுந்திருந்தா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நடமாடுறது?" என்றார்.

"பரவாயில்லண்ணே. வயசானா சகஜம்தான்" என்றாள் அவள். பெரிய மனசு பண்ணி மன்னித்தாளாம்!

ஐந்து மாதம் போனது. அவர் இடத்துக்கு வந்த வெல்டரின் கொக்கிகளும் ஐந்நூறுக்கு முன்பே உடைந்தன. அவர் வாயை மூடிக்கொண்டு போகிற ரகமில்லை. "முதல்ல மெஷினைப் பாருங்கக்கா" என்றார். லோடு செல்லைச் சரிபார்ப்பவர் எடைக்கற்களோடு வந்தார். நூறு தொங்கவிட்டால் நூறு, இருநூறுக்கு இருநூறு. "தங்கமா இருக்கு" என்றார். அக்கா வெல்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, நீங்க எப்பவும் போல ஒண்ணை மாட்டிக் காட்டுங்க" என்றார் சரிபார்க்க வந்தவர்.

மாட்டினாள், இறுக்கினாள், ஜீரோவுக்குக் கையை நீட்டினாள்.

"அய்யய்யோ, இப்பவா அமுக்குவீங்க?" என்று அவர் பதறினார். திரையில் தொண்ணூற்றிரண்டு. இத்தனை மாதமாக அதுதான் கணக்கில் வராமல் போயிருந்தது. அவளுக்குக் காது மடல்வரை எரிந்தது, அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"விடுங்கம்மா, இனிமே சரியா செஞ்சுக்கலாம்" என்றார் மேனேஜர். "அந்தப் பெரியவர் பேக்கிங்ல நிம்மதியாதான் இருக்கார். நீங்களா போய் எதுக்கு அசிங்கப்படணும்?"

இரண்டு நாள் அந்தப் பேச்சைக் கேட்டாள். மறைப்பானேன், கேட்கத்தான் செய்தாள். பேக்கிங் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனாள். இப்படியும் ஒரு பிழைப்பா என்று மூன்றாம் நாள் பழைய வெல்டரின் மேஜைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். டேப்பைக் கையில் பிடித்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குச் சுமை இறங்கியிருக்கும். அவர் திட்டவில்லை.

"வீட்டுக்கு வந்து நீயே சொல்லும்மா. நான் சொன்னா, சமாளிக்கிறார்னு நினைப்பாங்க."

அன்று சாயங்காலமே போனாள். மாடியில் இரண்டே அறை. கதவைத் திறந்த அவர் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டெஸ்ட் பண்ற தங்கச்சி நீதானா? வா வா. 'எத்தனை குழந்தைங்களைக் காப்பாத்தியிருக்கா'ன்னு இவர் உன்னைப் பத்திப் பேசாத நாளில்லை." கையில் தண்ணீரைக் கொடுத்தார். அக்கா அதைக் குடிக்காமல் கீழே வைத்தாள். நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, அண்ணனோட வேலை நல்லாதான் இருந்துச்சு. தப்பு என்னோடது."

இறுக்கியது, அமுக்கியது, தொண்ணூறு கிலோ எல்லாவற்றையும் கூனிக் குறுகிச் சொல்லி முடித்தாள். அந்த அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"அப்போ அவர் கண்ணு?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லையா? தினம் மூணு வேளை சொட்டு மருந்து விடுறேனே! எரியுது எரியுதுன்னு துடிப்பார். பொறுத்துக்கோங்கன்னு நான்தான் பிடிச்சு வெச்சு விடுவேன்." அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். "கண்ணு நல்லாயிருக்கு, மருந்தே வேணாம்னு டாக்டர் சொன்னாரே, கேட்டீங்களா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெல்டர் யாரையும் பார்க்கவில்லை.

"தங்கச்சி அளந்தா தப்பாயிருக்காதுன்னு, நான்தான் கடையில கேட்டு வாங்கினேன்" என்றார்.