முகத்துக்கு ஒரு சால்வை

எங்கள் மையத்துக்கு யாருக்கும் தெரியாமல் வந்து போகலாம் என்று போர்டிலேயே எழுதியிருந்தது. அந்தப் போர்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரியும். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. 'பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவி மையம்' என்று பெரிதாக ஒரு வரி, கீழே 'ரகசியம் காக்கப்படும்' என்று ஒரு வரி, அதற்கும் கீழே வாசலைக் காட்டி முழங்கை நீளத்துக்கு ஓர் அம்புக்குறி. எதிரே டீக்கடை. காலையில் கடை திறந்ததிலிருந்து பெஞ்சில் ஐந்தாறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். உதவி தேடி வருகிற பெண் அவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால்தான் அந்த அம்புக்குறியைப் பின்பற்ற வேண்டும்.

நான் அங்கே உதவியாளர். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது. எட்டாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் நிற்கும் இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால் எனக்கே அது மறந்துபோகும். அவ்வளவு கூச்சம். மையத்தின் பொறுப்பாளர் மேடம், வருகிற பெண்களைத் துருவிக் கேள்வி கேட்காத ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். கேள்வியே கேட்கத் தெரியாத நான் கிடைத்தேன்.

முதல் சில மாதங்கள் பலவிதமானவர்கள் வந்தார்கள். தையல் மெஷின் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டு ஒருத்தி வந்தாள். முதியோர் பென்ஷன் நின்றுபோனதைச் சொல்ல வெம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெரியவர் வந்தார். போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளப் பலர் வந்தார்கள். எதற்காக மையம் வைத்தார்களோ அதற்கு மட்டும் யாரும் வரவில்லை. மாதாமாதம் மேடம் அறிக்கையில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

டீக்கடைக்காரர் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "பாத்தீங்களாக்கா, போர்ட பாத்த பயத்துலயே அந்த மாதிரி வேலையெல்லாம் ஊர்ல நின்னு போச்சு" என்றார். பெஞ்சில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அவன்தான் அதிகம் தலையாட்டினான்.

வேலை இல்லாத நேரத்தில் கை சும்மா இருக்காதென்று, பட்டுக் கடை ஒன்றிலிருந்து சேலைகளை வாங்கி வந்து முந்தானையில் குஞ்சம் கட்ட ஆரம்பித்தேன். தறியிலிருந்து அறுத்த சேலையின் முந்தியில் தொங்கும் நூல்களைப் பிரித்து முறுக்கி முடிச்சுப் போடுகிற வேலை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்குத் தெரியும். வெளிச்சத்துக்காக வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். மேடம் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் இருபது இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி துணிப்பையோடு வந்து நின்றாள். "யக்கா, இங்க குஞ்சம் கட்டுவீங்களா?" என்று டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். உள்ளே வா என்றேன். பையைத் திறந்தாள். மடித்த போர்வை ஒன்று இருந்தது. போர்வைக்கு யாரும் குஞ்சம் கட்டுவதில்லை. நான் மேடத்தின் அறையைக் காட்டிவிட்டு, போர்வையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை பெஞ்சைப் பார்த்தபடி போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவள். முதலாளியின் மைத்துனன் செய்த காரியம். அதற்கு மேல் எழுத மாட்டேன், அது அவளுடையது. மேடத்தைப் பற்றிப் பின்னால் என்னென்னவோ சொல்லப் போகிறேன், இதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் மேடமே அவளைத் தன்னோடு அழைத்துப் போனார். எழுதியதை மறுபடி முதலிலிருந்து சொல் என்று கேட்டவர்களிடம், "எழுதினதைப் படிங்க சார், எழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார். வழக்குப் பதிவானது. அவளுடைய அப்பா கைத்தறி நெய்கிறவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தெருவுக்குத் தெரிந்தால் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு, பெண்ணைக் கலசப்பாக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த மைத்துனன் வீட்டாரும் தங்கள் மானத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. ஆக, அவள் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்லும்வரை யாருக்கும் தெரியக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அவளுக்குப் பிறகு இன்னும் சிலர் பையோடு வந்தார்கள். "மையம் நடக்குதோ இல்லையோ, குஞ்சம் கட்டற யாவாரம் ஜோரா நடக்குதுக்கா" என்றார் டீக்கடைக்காரர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது எனக்குச் சுலபமாக வரும்.

இந்த நிலையில் மையத்துக்கு ஒரு வருடம் நிறைந்தது. விழா எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பயனடைந்த பெண் ஒருவர் மேடையில் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சட்டப்படி அவர் முகம் வெளியே தெரியக் கூடாது. மேடையில் இருக்கும் பெண்கள் அனைவரும் ஆரணிப் பட்டு உடுத்தி ஊரின் பெருமையைக் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே ஆள் ஒரே பத்தியில் எழுதியிருந்தார்.

இதிலுள்ள தவறு எங்கள் ஊர் ஆட்களுக்குத்தான் புரியும். எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வதில்லை. கல்யாணத்தில் பார்த்தால், "நீ அன்னிக்கு அரக்குல மாம்பழ பார்டர் கட்டிகினு வந்தவதான?" என்பார்கள். சேலை கண்ணில் பட்டதும் எந்தத் தெரு, யார் வீட்டுத் தறி, எந்தக் கடை வழியாகப் போனது என்று மூன்றும் சொல்வார்கள். முகத்தை மூடி மேடையேற்றினால் ஊருக்குச் சிரமம் குறையும். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கலாம்.

விழாவுக்குக் கல்யாண மண்டபத்தைச் சும்மா கொடுத்தவர்கள் பட்டு வியாபாரிகள். ஆகவே முன்வரிசை நாற்காலிகளெல்லாம் அவர்களுக்கு.

மேடம் அந்த விசைத்தறிக் கூடத்துப் பெண்ணிடம் நயமாகத்தான் பேசினார். "ரெண்டு நிமிஷம்தாம்மா. நானே எழுதித் தரேன், நீ படிச்சா போதும். முகம் துளிகூடத் தெரியாது." அவள் சரி என்றாள். மேடம் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, நான் மேடையேறலைன்னா கேஸுக்கு உதவி பண்ண மாட்டாங்களா?"

"அப்டியெல்லாம் இல்ல."

"இல்லன்னு உங்களுக்கு நல்லா தெரியுமா?"

எனக்கு நல்லா தெரியாது. பேச்சை மாற்ற, எந்தச் சேலை கட்டப் போகிறாய் என்று கேட்டேன்.

"எங்கிட்ட பட்டுன்னு இருக்கறது ஒண்ணுதாங்கா. கத்தரிப்பூ கலரு. எங்கப்பா எனக்குன்னே நெய்ஞ்சது. ஜரிகைக்கு நடுவுல ஒரு சிவப்பு இழ ஓடும். ஊர்லயே அந்த மாதிரி எங்கப்பா மட்டும்தான் விடுவாரு."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை நாளில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு முன்வரிசை நாற்காலிகள் ஞாபகம் வந்தன.

மறுநாள் டீயோடு மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதுதான். "மேடம், சேலை..."

"உங்ககிட்ட பட்டு இல்லையாக்கா? என்னோடது ஒண்ணு தரேன்."

"இல்ல மேடம், அந்தப் பொண்ணு சேலைதான்..."

"அவகிட்ட இருக்காமே, நல்லதாப்போச்சு" என்றார். அதற்குள் போன் அடித்தது. பொன்னாடை எத்தனை, பூச்செண்டு எத்தனை என்று பேச ஆரம்பித்தார். டீ ஆறும்வரை நின்றுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

விழா அன்று எங்களை மண்டபத்தின் மணமகள் அறையில் இருக்க வைத்தார்கள். மேடையில் வரவேற்புரை ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கத்தரிப்பூச் சேலையில், மடியில் முகத்தை மூடக் கொடுத்த சால்வையோடு, கையில் தாளோடு உட்கார்ந்திருந்தாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு வியாபாரி மேலிடத்திலிருந்து வந்து மேடையில் இருந்த அதிகாரியம்மாவின் பார்டரைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் இல்லை என்று தலையாட்டி வேறு ஒரு தெரு இருக்கும் பக்கம் கை காட்டினார்.

"அந்தச் சால்வைய இப்டி குடு" என்றேன்.

"இன்னாத்துக்குக்கா?"

"நான் போறேன். நீ தாப்பா போட்டுகினு உள்ளயே இரு."

"நீங்களா? யக்கா, டீ குடுக்கும்போதே உங்களுக்குக் கை நடுங்குமே!"

"டீ சுடும். இது காகிதம்தான."

இப்படி ஒரு பதில் எனக்கு வந்தது இன்றும் ஆச்சரியம்தான்.

நான் கட்டியிருந்தது என் வீட்டுக்காரர் நெய்த கிளிப்பச்சை. அதை ஊரே அறியும். எனக்கு இருந்த பயமெல்லாம், மையத்தில் பெருக்குகிறவளை வேஷம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று யாராவது எழுந்து கத்திவிடுவார்களோ என்பதுதான். மேடையில் மேடம் என் கையைப் பிடித்தார். குஞ்சம் முறுக்கி முறுக்கி என் விரல்கள் சொரசொரவென்று இருக்கும். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டார்.

சால்வைக்குள் நல்ல இருட்டு. தாளும் என் கால் விரலும் மட்டும்தான் தெரிந்தன. பேசுவதில் இத்தனை நாள் எனக்குச் சிரமமாக இருந்தது மற்றவர்களின் முகம்தான் என்று அப்போது புரிந்தது. 'இம்மையத்தின் சீரிய சேவையால் மறுவாழ்வு பெற்றேன்' என்று தொடங்கி ஓர் எழுத்து விடாமல் படித்தேன். படித்து முடித்தும் மைக் எனக்கு முன்னாலேயே இருந்தது. ஆகவே என் பங்குக்கு ஒன்று சொன்னேன். "வாசல்ல இருக்கற போர்ட எடுத்துட்டா இன்னும் கொஞ்சம் பேரு வருவாங்க."

பலத்த கைதட்டல். அதிகாரியம்மா உருகிவிட்டார். முகத்தை மூடியிருந்த சால்வையின் மேலேயே பொன்னாடையையும் போர்த்தினார். கொஞ்ச நேரம் எனக்கு மூச்சு முட்டியது.

யாரும் எழுந்து கத்தவில்லை. நான் பயந்தது நடக்கவில்லை. நான் நினைத்தே பார்க்காதது நடந்தது. ஊர் நம்பிவிட்டது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. சட்டத்தை மதித்து முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். அதாவது, சால்வையை மங்கலாக்கியிருந்தார்கள். சேலை பளிச்சென்று விழுந்திருந்தது.

குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என் குடத்தைத் தானே நகர்த்தி முன்னால் வைத்தார். பத்து வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. பின்னால் நின்றவளிடம் எனக்குக் கேட்காது என்று நினைத்து, "அதான் யாரையும் நிமிந்து பாக்காமலே இருந்திருக்குது பாவம். நான்கூட திமிருன்னு நெனைச்சிகினு இருந்தேன்" என்றார். என் நாற்பத்தாறு வருடக் கூச்சத்துக்கு ஊர் ஒரே மத்தியானத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டது.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். எதற்கென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்கத் தறியிலேயே இருந்தார். பிறகு ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? யாருன்னு மட்டும் சொல்லு. போயி நாலு சாத்து சாத்திட்டு வரேன்." முழங்கால் வலியில் அவரால் படி இரண்டு சேர்ந்தாற்போல் இறங்க முடியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானில்லை என்றால் அடுத்த கேள்வி, பின்னே யார்? அவர் நல்லவர். ஆனால் வாயில் எதுவும் தங்காது. டீக்கடைக்குப் போனால் இரண்டே டம்ளரில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றேன். அவர் எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டேன்.

இதற்கிடையில் என் கோரிக்கை மேலிடத்தில் பரிசீலிக்கப்பட்டது. பழைய போர்டை எடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் அதைவிடப் பெரிதாக, உள்ளே விளக்கு எரிகிற போர்டு வைத்தார்கள். 'பயனாளியின் வேண்டுகோளை ஏற்று' என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மேடம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இனிமே நீங்க மேடையில எதுவும் கேக்காதீங்கக்கா" என்றார். அன்று என் கையைப் பிடித்ததைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

அந்தப் பெண் போன மாதம் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். காலையில் துணிப்பையோடு தெருவைத் தாண்டி பஸ் ஏறினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவுக்குப் பார்க்க நான் இருந்தேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

முந்தாநாள் மையத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். குழாயடியில் என்னைப் பாவம் என்றவர்தான். கையில் ஒரு பட்டுச் சேலை. "குஞ்சம் கட்டணும். ஒண்ணும் அவசரமில்ல" என்று டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். சேலையைப் பிரித்தேன். முந்தானை முழுக்கக் குஞ்சம் ஏற்கெனவே கட்டியிருந்தது, நெருக்கமாக, அழகாக. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டேன். எதிரில் நான் கீழே உட்கார்ந்து சேலையை மடியில் எடுத்துக்கொண்டு, முதல் முடிச்சிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தேன்.