நல்லா மிதி என்றேன்

காரின் முன்சக்கர பிரேக் பிடித்தால் விடமாட்டேன் என்கிறதே என்று இன்று காலை அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே கழற்றினேன். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் பிஸ்டன் இறுகிக் கிடந்தது.

பிரேக்கை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் அதுவே வெளியே வரும். மனைவியை உள்ளே உட்கார வைத்தேன்.

"நல்லா மிதி."

"மிதிச்சிக்கிட்டுதாங்க இருக்கேன்."

"ஒரு பிரேக் மிதிக்கத் தெரியல, நீயெல்லாம் டீச்சரு."

வாரம் முழுக்க வகுப்பில் நின்ற கால். அரை மணி நேரம் மிதித்தாள்.

அப்புறம்தான் தரையில் ஆயில் தேங்கியிருப்பதைப் பார்த்தேன். பிரேக் ஆயிலில் சேரும் காற்றை எடுக்கும் திருகை நான்தான் மூடாமல் விட்டிருக்கிறேன். அவள் மிதித்ததெல்லாம் மண்ணுக்குப் போயிருக்கிறது.

சத்தமில்லாமல் முடுக்கினேன். ஆயில் ஊற்றி, மறுபடி மிதிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் வெளியே விழுந்தது.

"இப்பதாங்க எனக்கு மிதிக்கவே வருது. பாவம், ரொம்ப நேரம் உங்கள காக்க வச்சிட்டேன்" என்றாள்.

பரவாயில்லை என்றேன். நான்.

மத்தியானம், கால் வலிக்கிறதா என்று கேட்டேன். என்றைக்கும் கேட்காதவன் கேட்டதும் சந்தேகமாகப் பார்த்தாள்.

இதை எழுதுகிற இந்த ஃபேஸ்புக் பக்கம் அவள் வருவதில்லை. கடலூரிலிருக்கும் அவள் தம்பி தினமும் வருகிறான். மச்சான், லைக் வேணா போடு, அக்காவுக்கு போன் மட்டும் போட்டுடாத.