டயருக்கு வைத்த கல்லும் ஏழரை மணிக் கப்பலும்

போன மாசியில் சென்னையிலிருந்து கப்பலேறி இலங்கையைச் சுற்றிவிட்டு வந்தோம். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த நேரம். "பூ சொல்லியாச்சா, ஜாக்கெட் தைச்சாச்சா" என்று யாரும் கேட்க முடியாத இடத்தில் நாலைந்து நாள் இருக்க வேண்டும் போலிருந்தது, கடல்தான் தோதுப்பட்டது. கூட வந்தவர்கள் என் வீட்டுக்காரரும் அவர் தங்கை வசந்தியும். கப்பல் சென்னைக்குத் திரும்பிய மறுநாள் காலை திருச்சியில் நிச்சயம். இதை மட்டும் மறக்காதீர்கள். நான் சொல்லப்போகும் நாளில் எனக்கு வேறு எதுவுமே நினைவில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்கு முந்தின துறைமுகத்தில் ஒரு கோயம்புத்தூர் தம்பதி நேரம் தப்பி ஓடி வந்தார்கள். அந்தம்மாவின் கையில் செருப்பு, அவர் கையில் அந்தம்மாவின் கைப்பை. மேல்தளத்தில் நின்று முதலில் கைதட்டியது நான்தான். ராத்திரி சாப்பாட்டின்போது அந்த ஓட்டத்தை மூன்று மேசைக்கு நடித்தும் காட்டினேன்.

கொழும்பில் விடிகாலையிலேயே இறங்கலாம், ராத்திரி ஏழரைக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும், எட்டு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். கப்பல்காரர்களே பஸ் வைத்துக் கண்டிக்குக் கூட்டிப்போகிறார்கள். கும்பலோடு போனால் அது ஒரு பயணமா? இணையத்தில் தேடி ஒரு வேன் பிடித்தேன். போக வர முப்பத்திரண்டாயிரம் இலங்கை ரூபாய். விளம்பரத்தில் 'பழங்கால இடிபாடுகள், கைவினைப் பட்டறை, மலைநாட்டுச் சாப்பாடு' என்று இருந்தது. வீட்டுக்காரர் முழங்காலைக் காரணம் காட்டிக் கப்பலிலேயே தங்கிவிட்டார். முழங்காலுக்கு அடுத்த காரணம் மதியச் சாப்பாட்டில் இறால்.

ஓட்டுநர் யோகராஜ் ஹட்டன்காரர், நாற்பது வயதிருக்கும். "வாங்கக்கா, போவோமா?" என்றதும் வசந்தி என்னைப் பார்த்தாள். அப்படியே நம் திருச்சிப் பக்கத்துப் பேச்சு. ஆறு மணிக்குக் கிளம்பி அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவுக்கு ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம். கினிகத்தேனைக்கு மேல் வளைவுக்கு வளைவு வசந்தி கண்ணை மூடினாள். நான் மணியைப் பார்த்தேன். திரும்பி வரவும் இதே நாலேகால் ஆகும் என்று கணக்குப் போட்டு, இரண்டு மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்று வசந்தியிடம் சொன்னேன்.

இடிபாடுகள் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கின்றன. அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுன், தண்ணீர் வற்றும் மாதங்களில் வெளியே வருகிறது. வெடித்த சேற்றில் நடந்து போனோம். ஒரு கோயிலின் சுவர், புத்த விகாரை, பள்ளிவாசல், மூன்றும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இதெல்லாம் பழங்காலமா தம்பி என்று கேட்டதற்கு யோகராஜ் அசரவே இல்லை. "பழங்காலந்தாங்க. எங்க தாத்தா இங்க சலூன்ல முடி வெட்டியிருக்காரு." விளம்பரம் எழுதியது யார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

அடுத்தது பட்டறை. மாற்றுநடவுக்காகத் தோட்டத்தில் கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கும்போது வேர் கிடைக்குமல்லவா, அதைக் கழுவிக் காயவைத்து, இழைத்து, விளக்குத்தண்டும் முக்காலியும் செய்கிறார் மருதை என்பவர். பட்டறை ஒரு செங்குத்தான பாதையின் ஓரம். வேனின் ஹேண்ட் பிரேக் கொஞ்சம் சோம்பேறி. "அக்கா, பின் டயருக்கு ஒரு கல்லு வைங்களேன்" என்றார் யோகராஜ் சீட்டிலிருந்தே. வசந்தி இறங்குவதற்குள் நான் குதித்துவிட்டேன். எதிரே ஒரு மரத்தடியில் குழவி மாதிரி மூன்று கல் வரிசையாக இருந்தது. நடுக்கல்தான் வாட்டமாகத் தெரிந்தது. அதைத் தூக்கி டயருக்கு அண்டைகொடுத்தேன். வேன் ஓர் அங்குலம் பின்வாங்கி அதன்மேல் உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

முற்றத்தில் ஐந்தாறு பேர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கவ்வாத்து தொடங்குகிறதாம். அதாவது தேயிலைச் செடிகளை முட்டி உயரத்துக்கு வெட்டுவது. கையில் வெட்டுப் படாமலிருக்க, கத்தி வைப்பதற்கு முன்னால் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை உண்டு என்றார்கள். கோயில் எங்கே என்று கேட்டேன். மரத்தைக் காட்டினார்கள். நான் மரத்துக்கு மேலே, எதிர்மலையில் கோபுரத்தைத் தேடித் தலையாட்டினேன்.

மருதையின் மனைவி ராசாத்தி ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலும் கொடுத்தார். எழுதும்போதே நாக்கு ஊறுகிறது. இரண்டு மணிக்குக் கிளம்ப எழுந்தோம். வழியனுப்ப வந்த மருதை டயரைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். கத்தி தீட்டும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

யோகராஜ் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அக்கா, அத எங்கேருந்து எடுத்தீங்க?"

நான் மரத்தடியைக் காட்டினேன். கவ்வாத்துச் சாமிக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் மஞ்சளும் குங்குமமும், மற்ற நாளெல்லாம் அது வெறும் கல்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ராசாத்தி முந்திக்கொண்டார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"திருச்சி."

"எங்க பாட்டன் பூட்டனும் அந்தப் பக்கந்தான். அவங்களும் கப்பல்லதான் வந்தாங்க. ஆனா சாமிய டயருக்கு வைக்கல."

யாரோ சிரித்தார்கள். மருதை சிரிக்கவில்லை. "நாளைக்கு இவங்க எல்லாம் கத்தி புடிக்கணும்மா" என்றார். அதில் கோபம் இல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. யோகராஜ் வேனை எடுக்க மறுத்துவிட்டார், சாமி மேல் டயர் உருண்டுவிடுமாம். ஆறு பேர் பின்னால் நின்று வேனை மேட்டுக்குத் தள்ள, நான் குனிந்து சாமியை உருவினேன். எடுத்தவர்தான் வைக்க வேண்டும் என்றார்கள். கழுவி, மஞ்சள் பூசி, மறுபடி நடுவில் உட்கார வைத்தேன். தேங்காய் வாங்க ஒருவர் பைக்கில் கடைத்தெருவுக்குப் போய் வந்தார். கற்பூரம் அணையும்வரை நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு நேரம் எரிந்த கற்பூரத்தை என் ஆயுசில் கண்டதில்லை. உடைத்த தேங்காயில் பாதியை ராசாத்தி என் முந்தானையில் போட்டு, "சாமியோடது, வீணாக்கிறாதீங்க" என்றார். வேன் நகர்ந்தபோது மணி மூன்றரை.

மூன்றரையும் நாலேகாலும் ஏழே முக்கால். எப்படிக் கூட்டினாலும் அதேதான் வந்தது. நோட்டன் பிரிட்ஜ் தாண்டியதும் மூடுபனி, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வசந்தி தெரிந்த சாமிக்கெல்லாம் காசு முடிந்து வைத்தாள். கவ்வாத்துச் சாமியிடம் மட்டும் கேட்காதே, அவர் இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அண்ணி, நிச்சயத்துல பொண்ணோட அம்மா எங்கேன்னு கேட்டா அண்ணன் என்ன சொல்லுவாரு?" சாமியை டயருக்கு வைத்துவிட்டு இலங்கையில் தங்கிவிட்டாள் என்றா சொல்வார்? பாஸ்போர்ட் கப்பலில். வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. பதறி எடுத்தால் இறால் படம்.

கொழும்புக்குள் நுழையும் களனிப் பாலத்து நெரிசலில் ஏழரை ஆனது. துறைமுகத்தில் இறங்கும்போது ஏழு ஐம்பது. கப்பல் நின்றது, ஏணிப்பாதையும் இருந்தது. கண்டி பஸ்ஸும் அதே நெரிசலில் மாட்டி அப்போதுதான் வந்திருந்தது. கப்பல் தன் பஸ்ஸுக்காகத்தான் காத்திருந்தது, எங்களுக்காக இல்லை. கையில் செருப்போடு பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையின் வாலைப் பிடித்தோம். மேலேயிருந்து கைதட்டல். முதல் தட்டு கோயம்புத்தூர் அம்மா. இரண்டாவது என் வீட்டுக்காரர்.

ஏணியடியில் பையைச் சோதித்த அதிகாரி தேங்காயைக் கண்டார். வெளிச் சாப்பாட்டுப் பொருள் ஏறக்கூடாது என்று குப்பைத்தொட்டியைக் காட்டினார். அன்றைக்கு ஒரு தடவை சாமியை அவமதித்தது போதும் எனக்கு. பாதியை வசந்தியிடம் நீட்டினேன். கப்பல் முழுக்க வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் அங்கேயே நின்று சில்லு சில்லாகக் கடித்துத் தின்றோம். அதிகாரி கடிகாரத்தையும் எங்கள் தாடையையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டாங்கச்சியைப் பணிவாக அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கொழும்பில் ஒரே பகல்தான் என்றால் மஸ்கெலியாவுக்கு ஆசைப்படாதீர்கள், ஹட்டனில் ஓர் இரவு தங்குகிற மாதிரி தனியாக வாருங்கள். கப்பலை நம்பித்தான் போவதென்றால் கப்பலின் பஸ்ஸிலேயே போங்கள், கும்பலைக் குறை சொல்லாமல். இடிபாடுகளைப் பார்க்கத் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சேற்றுக்குப் பழைய செருப்பு போதும். மலையில் எந்தக் கல்லைத் தொடுவதானாலும் யாரையாவது கேளுங்கள்.

நிச்சயம் நன்றாக நடந்தது. தாம்பூலம் மாற்றும் நேரத்தில் யோகராஜிடமிருந்து ஒரு படம் வந்தது. மரத்தடியில் மூன்று கல்லும் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தன, முன்னால் கத்திகளை அடுக்கியிருந்தார்கள். கவ்வாத்து தொடங்கி இரண்டு நாளாகிறது, ஒருத்தர் கையிலும் கீறல் இல்லை என்று எழுதியிருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் தேயிலை வேரில் இழைத்த கட்டை ஒன்று கிடந்தது. அதில் மருதை வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார்: 'டயருக்கு இது'.